சங்காயக் குவியலில் ஒரு கடல்

முதல்நாள் காலையில் கடலுக்குப் போன விசைப்படகுகள் மறுநாள் விடியலில் ஒவ்வொன்றாக ராமேஸ்வரம் ஜெட்டியை அணைகின்றன. ஏலக்காரர்கள், ஐஸ் வண்டிகள், அலுமினியக் கூடையோடு பெண்கள் என்று கரை அதற்கு முன்பே நிறைந்துவிடும். மீன் இறக்குவதில் ஒரு வரிசை உண்டு. முதலில் இறால், அது நேராக ஐஸுக்குள் போகும். அடுத்து நண்டும் கணவாயும். பிறகு ரகம் பிரித்த மீன்கள்: விளமீன், பாறை, சங்கரா, திருக்கை. இவ்வளவும் விலைபோய்க் கூட்டம் கலைந்த பிறகு, படகின் அடியில் கிடப்பதைக் கூடை கூடையாக வாரிக் கொட்டுவார்கள். அதற்கு வியாபாரி வேறு, விலை வேறு, மரியாதையும் வேறு. ராமநாதபுரம் கடற்கரையில் அதன் பெயர் சங்காயம்.

கடலைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் வஞ்சிரம் விற்கும் இடத்தில் நிற்பதைவிட இந்தக் குவியலருகே நிற்பது நல்லது. நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தால் போதும். காசு அகலக் காரல்தான் பாதி. அதற்குள் விரல் நீள விளமீன் குஞ்சு, இரண்டு வருடம் விட்டிருந்தால் ஒரு குடும்பத்துக்குக் குழம்பாகியிருக்கும். ஓடு இன்னும் இறுகாத நண்டு. நகத்தளவு கணவாய். சில நாள் ஒரு கடல்குதிரை. 2001 முதல் சட்டம் காப்பாற்றும் உயிர், அது வலைக்குத் தெரியாது. எல்லாவற்றின் ஊடேயும் பச்சை நாடாபோல் கிழிந்த இலைகள். அது தாழை. தாழம்பூத் தாழையல்ல, கடலடியில் வயல்போல் வளரும் கடற்புல்.

இந்தச் சங்காயம் மணலில் காய்ந்து, சாக்கில் ஏறி, மீன்தூள் ஆலைகளுக்கும் கோழித்தீவனத்துக்கும் போகிறது. நாமக்கல்லில் ஒரு கோழி இடும் முட்டையில் பாக் விரிகுடாவின் தாழைக்காட்டுக்கும் ஒரு பங்கு இருக்கலாம். உணவுச் சங்கிலி என்று பள்ளிப் பாடத்தில் படம் போட்டுக் காட்டுவார்களே, அதில் இந்தக் கண்ணி வராது.

கடல் மீன்வளத்தை நாம் இதுவரை டன்னில்தான் அளந்திருக்கிறோம். 2022ல் தமிழகம் 7.22 லட்சம் டன் கடல்மீன் பிடித்து நாட்டில் முதலிடம் பெற்றது. நல்ல செய்திதான். அந்த ஏழு லட்சம் டன்னில் எந்த மீன் எவ்வளவு, அவற்றில் முட்டையிட்ட மீன் எத்தனை, முட்டையிடும் வயதைப் பார்க்காமலேயே வந்தது எத்தனை என்ற கேள்விகளைத் தலைப்புச் செய்தி கேட்பதில்லை. தராசுக்கு வஞ்சிரமும் சங்காயமும் ஒன்றுதான். கடலுக்கு அப்படியில்லை.

ஏன் இல்லை என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. கண்ணுக்குத் தெரியாத பாசியும் மிதவைத் தாவரங்களும் வெயிலை உண்டு வளர்கின்றன. அவற்றை மிதவை உயிர்கள் தின்கின்றன. அவற்றை நெத்திலியும் சாளையும் அயிலையும், அந்தச் சிறுமீன்களை வஞ்சிரமும், வஞ்சிரத்தைச் சுறாவும் தின்கின்றன. ஒவ்வொரு படி ஏறும்போதும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சத்துதான் மேலே போய்ச் சேரும். ஒரு கிலோ வஞ்சிரம் உருவாகப் பத்துக் கிலோ சிறுமீன் வேண்டும் என்று தோராயமாகச் சொல்லலாம். மேலே இருப்பதை முதலில் பிடித்துத் தீர்த்துவிட்டு அடுத்த படிக்கு இறங்கினால், டன் கணக்கு குறையவே குறையாது. சில காலம் ஏறவும் செய்யும். பெரிய மீன் போன இடத்தில் சின்ன மீன் நிறையக் கிடைக்குமல்லவா? சொத்தை விற்றுச் சாப்பிடுகிறவன் வீட்டிலும் கொஞ்ச நாள் சாப்பாடு அமோகமாகத்தான் இருக்கும்.

டேனியல் பாலி என்ற மீன்வள அறிஞரும் அவரது சகாக்களும் 1998ல் உலகம் முழுவதும் பிடிபட்ட மீன்களின் பட்டியலை இப்படிப் படி படியாகப் பிரித்துப் பார்த்து, மனிதர்கள் உணவு வலையில் கீழ்நோக்கி இறங்கி மீன் பிடிக்கிறார்கள் என்று எழுதினார்கள். அந்த வாதத்துக்கு மறுப்புகளும் வந்தன. இந்தியக் கரைகளை அதே கோணத்தில் ஆராய்ந்தவர் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் இ.விவேகானந்தன். 2005ல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், மெதுவாகக் கீழிறங்கும் அந்தப் போக்கு தென்கிழக்குக் கரையில், அதாவது நம் கரையில், தெரிந்தது.

'சூழல்மண்டல அடிப்படையிலான மீன்வள மேலாண்மை' என்று இதற்கான மாற்றை அரசு ஆவணங்கள் அழைக்கின்றன. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் படகு ஒரு கடல் மைல் போய்விடும். விஷயம் எளிமையானது. மீனைத் தனியாக எண்ணாதே. அது தின்பதையும், அதைத் தின்பதையும், அது குஞ்சு பொரிக்கும் இடத்தையும், அதைப் பிடிக்கிற மனிதரையும் சேர்த்து எண்ணு. தாழை அழிந்தால் ஓரா மீன் வராது என்பதை நாட்டுப்படகு மீனவர் யாரும் பயிலரங்கில் உட்கார்ந்து கற்கவில்லை. ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு இதை வழிகாட்டு நெறிகளாக எழுதி வெளியிட்டது 2003ல்.

மீனைத் தனியாக எண்ணியவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்குக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தைவிடப் பெரிய பாடம் கிடையாது. நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பாவுக்குச் சோறு போட்ட காட் மீன்வளம் அது. விஞ்ஞானிகள் இருந்தார்கள், ஒதுக்கீடு இருந்தது, ஆண்டுதோறும் கணக்கெடுப்பும் இருந்தது. கணக்கு தப்பாக, மிகையாக இருந்தது. 1992 ஜூலை 2ஆம் தேதி காட் பிடிப்பதற்கே தடை போட்டார்கள். சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. இரண்டு வருடத்தில் மீன் திரும்பிவிடும் என்று நினைத்தார்கள். வரவில்லை. காட் தின்று வளரும் கேப்லின் என்ற சிறுமீனும் ஏறத்தாழ அதே சமயத்தில் சரிந்திருந்தது. உண்ண இரையில்லாத வீட்டுக்கு விருந்தாளி எப்படித் திரும்புவான்? காட் இல்லாத கடலில் இறாலும் பனிநண்டும் பெருகின. அவற்றைப் பிடித்தவர்களுக்கு நல்ல காசு. 32 ஆண்டுகள் கழித்து, 2024ல்தான் அந்தத் தடையை விலக்கினார்கள், அதுவும் சிறிய ஒதுக்கீட்டோடு.

நமீபியாவின் கதை இன்னும் விநோதம். அங்கே சாளையும் நெத்திலியும் கொழித்த கடலில் 1960களின் கடைசியிலிருந்து வரைமுறையில்லாமல் வலைபோட்டார்கள். காலியான இடத்தைச் சொறிமீன்கள் பிடித்துக்கொண்டன. 2006ல் வெளியான ஓர் ஆய்வு அக்கடலில் 1.22 கோடி டன் சொறிமீன் இருப்பதாகவும், மீன் 36 லட்சம் டன்தான் என்றும் மதிப்பிட்டது. சொறிமீனைத் தின்பவை குறைவு. மீன்முட்டையையும் குஞ்சையும் அது தின்னும். ஒருமுறை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் எழுப்புவது கஷ்டம்.

வேறு மாதிரி கணக்குப் போட்டவர்களும் இருக்கிறார்கள். அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடலில் ஒவ்வொரு மீனுக்கும் தனித்தனியே எவ்வளவு பிடிக்கலாம் என்று கணக்கிடுவார்கள். அந்த எண்களைக் கூட்டினால் எவ்வளவு வந்தாலும் சரி, தரைமீன்கள் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 20 லட்சம் டன்னுக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று ஒரு பூட்டும் போட்டிருக்கிறார்கள். அண்டார்டிகாவில் 1982 முதல் நடைமுறையில் உள்ள உடன்படிக்கை, கிரில் என்ற சிற்றுயிரைப் பிடிக்கும்போது திமிங்கிலத்துக்கும் பெங்குவினுக்கும் எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்று கேட்கிறது. 2011ல் வந்த ஓர் ஆய்வு உலகின் பல கடல்களில் கடற்பறவைகளின் குஞ்சுபொரிப்பைச் சிறுமீன்களின் அளவோடு ஒப்பிட்டது. சிறுமீன் அதன் உச்ச அளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் பறவைக் குஞ்சுகள் பிழைப்பது சரியத் தொடங்குகிறது என்று அதில் தெரிந்தது. பறவைக்கு மூன்றில் ஒன்று. நம் ஊரில் களத்து நெல்லில் ஒதுக்குவார்களே, அந்த மாதிரி ஒரு பங்கு.

நம் பக்கத்துக் கடலிலேயே ஒரு சாளைக் கதை உண்டு. கேரளத்தில் சாளைக்கு மத்தி என்று பெயர், அது ஏழையின் மீன். 2012ல் அங்கே ஏறத்தாழ 4 லட்சம் டன் மத்தி பிடிபட்டது. 2021ல் 3,297 டன். லட்சத்திலிருந்து ஆயிரத்துக்கு! கடல்நீர் வெப்பமும் எல் நினோவும் ஒரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். முட்டையிடாத குஞ்சுகளை வாரிக்கொண்டு வந்ததையும் சேர்த்தே சொல்கிறார்கள். கேரள அரசு ஒவ்வொரு மீனுக்கும் பிடிக்கத்தக்க குறைந்தபட்ச நீளத்தை அறிவித்தது. மத்திக்கு 10 சென்டிமீட்டர். கரையில் அளவுகோலோடு நிற்கும் அதிகாரியைப் பார்த்து முதலில் சிரித்தவர்கள் பிறகு அபராதம் கட்டினார்கள்.

இனி நம் விரிகுடாவுக்கு வருவோம். ராமேஸ்வரத்துக்காரர்களுக்குத் தீவின் வடக்கே இருப்பது வடகடல், தெற்கே இருப்பது தென்கடல். வரைபடத்தில் ஒன்று பாக் விரிகுடா, மற்றது மன்னார் வளைகுடா. வடகடல் ஆழமில்லாத கடல். பெரும்பகுதி 15 மீட்டரைத் தாண்டாது. வெயில் அடிவரை இறங்கும். அதனால்தான் அங்கே அவ்வளவு தாழை. ஓரா அதை மேயும், நண்டு அதற்குள் ஒளியும், இறால் குஞ்சு அதில் வளரும், காரல் கூட்டம் மேலே திரியும். தென்கடலில் பவளப் பார்கள், 21 தீவுகள். 1986ல் 560 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்காவானது. அந்தத் தீவுகளில் இரண்டு, பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும், இப்போது தண்ணீருக்கடியில். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்க ஆளில்லாமல் போனதுதான் முக்கியக் காரணம்.

இந்த ஆழமில்லாத வடகடலில் இழுவைமடி என்ன செய்யும் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். வலையின் வாயை விரித்துப் பிடிக்க இரு பக்கமும் இரும்புக் கட்டு போட்ட கனமான பலகைகள். வாயின் கீழ்விளிம்பில் ஈயமோ சங்கிலியோ. படகு இழுக்கும்போது பலகைகள் தரையில் உரசிச் சேற்றைக் கிளப்பும். அந்தக் கலங்கலில் மிரண்ட மீன் வலைக்குள் ஓடும். கடைசியில் இருக்கும் பை போன்ற பகுதிதான் மடி. மடியின் கண் சிறிதாக இருந்தால் குஞ்சும் தப்பாது; கண் பெரிதாக இருந்தாலும் தாழையும் சேறும் அடைத்துக்கொண்டால் அதுவும் சின்னக் கண்தான். ஒரே இரவில் பலமுறை இழுப்பார்கள். அதே தரையை அடுத்த படகும் இழுக்கும். வருடம் முழுக்க உழுதுகொண்டே இருக்கும் வயலில் என்ன விளையும்?

இந்த மடியை நம் மீனவர்கள் கண்டுபிடிக்கவில்லை. 1953ல் நார்வே உதவியோடு கொல்லம் அருகே நீண்டகரையில் தொடங்கிய திட்டம் இந்தியக் கரைக்கு இயந்திரப் படகைக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் வெளிநாடுகள் இறாலுக்குப் பொன் விலை கொடுக்க, இழுவைமடி பெருகியது. அரசு மானியம் கொடுத்தது, வங்கி கடன் கொடுத்தது. 'அழிக்கிறவர்கள்' என்று இன்று விசைப்படகுக்காரர்களை நோக்கி விரல் நீட்டும்போது இந்தக் கதையையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் படகில் கூலிக்குப் போகிறவருக்குச் சொந்தமாக ஒரு பலகையும் கிடையாது.

இதன் மீது போர் வந்து உட்கார்ந்தது. இலங்கையில் 1983 முதல் 2009 வரை நடந்த போரில் வடக்கு மாகாணத்து மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் முடங்கினார்கள். எல்லைக்கோட்டுக்கு அப்பால் ஆளில்லாத கடல், இப்பால் மீனில்லாத கடல். படகு எந்தப் பக்கம் போகும் என்று சொல்லத் தேவையில்லை. போர் முடிந்து யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்கள் வலையோடு திரும்பியபோது அவர்கள் வலையை அறுத்துக்கொண்டு போனவை நம் படகுகள். இலங்கை 2017ல் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடுத்தது. கைது, படகுப் பறிமுதல், சிறை என்று நாம் வாசிக்கும் செய்திகளின் அடியில் கிடப்பது எல்லைப் பிரச்சினை மட்டுமா? ஒரே விரிகுடாவின் தாழையை இரண்டு கரையும் நம்பியிருக்கிறது. இரு கரையிலும் நிற்பவர்கள் தமிழர்கள்.

தாழையின் பெயரால் நடந்த ஒரு நல்ல காரியம், 2022 செப்டம்பர் 21ஆம் தேதி தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. நாட்டிலேயே முதலாவது. நம் மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் இந்தப் பிராணி நாளொன்றுக்கு 40 கிலோ வரை புல் தின்னும். இந்தியாவில் மிஞ்சியிருப்பது சுமார் 240 என்று மதிப்பீடு. ஒரு காலத்தில் அதன் கறிக்குத் தனிக் கிராக்கி இருந்த அதே ஊர்களில், இன்று வலையில் மாட்டிய ஆவுளியாவை வலையை அறுத்து விடுவிக்கிறார்கள். அறுத்த வலைக்கு ஈடாக வனத்துறை கொடுக்கும் வெகுமதி வலையின் விலையைத் தொடுமா என்பது வேறு விஷயம்.

ஒரு மாட்டுக்காக 448 சதுர கிலோமீட்டரா என்று கேட்பவர்கள் உண்டு. மாடு மேய்ந்த புல்வெளி மீண்டும் துளிர்க்கிறது. சாணம் உரமாகிறது, விதையும் அதோடு ஊர் மாறுகிறது. அந்தப் புல்லில்தான் நண்டும் இறாலும் ஓராவும். பிடிபடும் நண்டு பதப்படுத்தப்பட்டு அமெரிக்கச் சந்தைக்குப் போகிறது. ஆவுளியாவைக் காத்தால் நண்டு வியாபாரம் நிற்கும் என்று சொல்வது வயலைக் காத்தால் அரிசி கிடைக்காது என்று சொல்வதுபோலத்தான்.

அழிந்த தாழையைத் திரும்ப நடவும் செய்கிறார்கள். மூங்கிலைச் சதுரமாகக் கட்டி, குறுக்கும் நெடுக்குமாகத் தேங்காய்நார்க் கயிறு ஓட்டி, வேரோடு எடுத்த தாழைத் துண்டுகளைக் கயிற்றில் முடிந்து, கடலடியில் வைத்துக் கல் பாரம் ஏற்றிவிடுவார்கள். சில மாதத்தில் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். நாரும் மூங்கிலும் தானாக மக்கிப்போகும். நாற்று நடவு தெரிந்த டெல்டாப் பெண்கள் இதைப் பார்த்தால் கயிறு கட்டும் லாகவத்தில் குறை சொல்வார்களோ என்னவோ. ஆனால் ஒரு பலகை அந்தப் பக்கம் ஒருமுறை உரசிப்போனால் அத்தனை உழைப்பும் வீண். விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் மீன்பிடிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆழம் குறைந்த, அகலமும் குறைந்த வடகடலில் அந்தக் கோட்டைத் தாண்டினால் கொஞ்ச தூரத்தில் அடுத்த நாடு. விதி எழுதியவர்கள் வரைபடத்தைப் பார்த்தார்களா என்று விசைப்படகுக்காரர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை.

கடலைக் கரையோடு நிறுத்திப் பார்ப்பதும் ஒரு தப்புத்தான். ஒவ்வொரு மழைக்காலத்திலும் கொள்ளிடத்தில் வெள்ளம் போகும்போது தொலைக்காட்சியில் ஒரு வாக்கியம் ஓடும்: இத்தனை டி.எம்.சி. தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது. கடலுக்குப் போகும் ஆற்றுநீர் எப்படி வீண்? அது வண்டலையும் சத்துகளையும் கொண்டுபோகிறது. மிதவைப் பாசிகளில் ஒரு பெரிய குலம் தன் கூட்டையே ஆறு கொண்டுவரும் சிலிக்காவால்தான் கட்டுகிறது. சாளையும் நெத்திலியும் அந்தப் பாசியை நம்பி இருப்பவை. முகத்துவாரத்தில் உப்பும் நன்னீரும் கலக்கும் இடம்தான் இறால் குஞ்சுக்குத் தொட்டில். கடலில் பிறக்கும் குஞ்சு நீரோட்டத்தோடு கழிமுகத்துக்குள் ஏறி, அலையாத்தி வேர்களுக்கிடையே வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போய்த்தான் முட்டையிடும்.

முத்துப்பேட்டைக்குப் போனால் இதைக் கண்ணால் காணலாம். கோரையாறு, பாமணியாறு, கிளைதாங்கியாறு, மரக்காக்கோரையாறு என்று காவிரியின் கடைசிக் கைகள் பல அந்தக் காயலில்தான் விழுகின்றன. 1934ல் மேட்டூர் அணை கட்டி முடிந்ததிலிருந்து அங்கே போய்ச் சேரும் நன்னீர் அணைக்கும் பாசனத்துக்கும் போக மிஞ்சியதுதான். கோடையில் காயலின் உப்பு கடல்நீரைவிட ஏறிவிடும். மரங்கள் குட்டையாகவே நிற்கின்றன. வைகையின் நிலை அதைவிட மோசம். அது பாக் விரிகுடாவைத் தொடும் ஊருக்குப் பெயர் ஆற்றங்கரை. பெயரில் இருக்கும் ஆறு கரைக்கு வருவது நல்ல மழை பெய்த ஆண்டுகளில் மட்டும். கடைமடை விவசாயிக்குத் தண்ணீர் கேட்டுப் போராட ஆளிருக்கிறது. கடைமடைக்கும் அப்பால் இருக்கும் இறால் குஞ்சின் பங்கை எந்த நடுவர் மன்றத்தில் கேட்பது?

தடைக்காலம் இருக்கிறதே என்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம். தடை பயனில்லாதது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நம் வெப்பமண்டலக் கடலில் எல்லா மீனும் ஒரே பருவத்தில் முட்டையிடுவதில்லை. ஒன்று தையில், ஒன்று ஆடியில், சில ஆண்டு முழுக்க. கிழக்குக் கரைக்குத் தடையை ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்துக்கு மாற்ற வேண்டும் என்று மீனவர் சங்கங்களில் ஒரு சாரார் கேட்டு வருகிறார்கள். தடையின் இன்னொரு பிரச்சினை, ஜூன் 15ஆம் தேதி. இரண்டு மாதம் கடல் சேர்த்து வைத்ததை மூன்று வாரத்தில் வாரிவிடும் வேகம் அன்றைக்குப் படகுகளில் தெரியும். ஜூலையில் சங்காயம் மறுபடி மலையாகும்.

சுருக்குமடி விவகாரத்திலும் நாம் நாள்கணக்கைத்தான் பேசுகிறோம். கூட்டமாகப் போகும் சாளையையும் அயிலையையும் வட்டம்போட்டு வளைத்து அடியைச் சுருக்கிவிடும் வலை அது. தமிழக அரசு தடை விதித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2023 ஜனவரியில் இடைக்கால உத்தரவு வந்தது: 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் இரண்டு நாள் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை. இந்த ஏற்பாட்டில் நேரம் இருக்கிறது, தூரம் இருக்கிறது. அந்த ஆண்டு கடலில் சாளை எவ்வளவு இருக்கிறது, அதில் எத்தனை பங்கு எடுக்கலாம் என்ற எண் இல்லை. சுருக்குமடி வலை நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றத்தைவிட அந்த எண்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பங்குனி ஆமையின் சங்கதி இன்னும் நேரடியானது. 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. முட்டையிடக் கரை தேடி வரும் பருவத்தில் இழுவைமடியில் சிக்கினால் மேலே வந்து மூச்சுவிட முடியாமல் அவை மூழ்கிச் சாகின்றன. மடியில் ஆமை தப்பிக்க ஒரு கம்பிச் சட்டமும் வாசலும் வைக்கும் கருவி பல ஆண்டுகளாக இருக்கிறது. வாசல் வழியாகக் கொஞ்சம் மீனும் போய்விடுகிறது என்பது படகுக்காரர்களின் கணக்கு. கருவி இல்லாததால் 2019 முதல் கடலில் பிடித்த இந்திய இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை. இரண்டு நஷ்டத்தையும் ஒரே தாளில் எழுதி யாராவது அவர்களிடம் காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விசைப்படகுகளை வடகடலிலிருந்தே வெளியேற்றும் திட்டம் ஒன்று 2017ல் வந்தது. இழுவைப் படகை ஒப்படைத்துவிட்டு, ஆழ்கடலில் தூண்டிலால் சூரை பிடிக்கும் படகுக்கு மாற வேண்டும். 2,000 படகுகளுக்கு 1,600 கோடி ரூபாய். படகு ஒன்றுக்கு 80 லட்சம், பெரும்பகுதி மானியம். கேட்பதற்கு இனிக்கிறது. ஒருநாள் போய் மறுநாள் வரும் தொழிலில் பழகியவர்களை வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருக்கச் சொல்கிறோம். புதுப் படகுக்கு நிற்கத் துறைமுகம், சூரைக்குச் சந்தை, குளிர்பதனம், கடனுக்குத் தவணை என்று கேள்விகள் நீண்டன. மாறியவர்கள் கொஞ்சம்தான். சூரையும் உணவு வலையின் உச்சியில் இருக்கும் மீன் என்பதை மறந்துவிட வேண்டாம். ஒரு கடலின் சுமையை இறக்கி அடுத்த கடலின் தலையில் வைப்பதற்கு முன் அங்கேயும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இவற்றையெல்லாம்விட என்னை யோசிக்க வைப்பவை ஓரமாக இருக்கும் இரண்டு சின்ன ஏற்பாடுகள். ஒன்று, பாம்பன் பக்கத்துக் கடற்பாசி எடுக்கும் பெண்களுடையது. மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுக்கத் தீவுகளைச் சுற்றி முங்குவார்கள். பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றியிருக்கும். தேசியப் பூங்கா வந்த பிறகு வனத்துறையோடு ஓயாத மோதல். அவர்கள் தங்களுக்குள் பேசி, மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது, இரும்பால் சுரண்டாமல் கையால் மட்டுமே பறிப்பது, வேரை விட்டுவைப்பது என்று முடிவெடுத்தார்கள். மீதி நாளில் பாசி வளரும். அவர்களுக்குத் தலைமை தாங்கிய சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015ல் சீகாலஜி பரிசு கிடைத்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் போட்ட கணக்கில் மீன் முட்டையிடும் பாசியும், தங்கள் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் ஒரே பக்கத்தில் இருந்தன.

இன்னொன்று, வடகடலின் மூன்று நாள், நான்கு நாள் ஏற்பாடு. விசைப்படகும் நாட்டுப்படகும் ஒரே நாளில் கடலில் இருந்தால் நாட்டுப்படகின் வலை அறுபடும். சண்டை வரும், உயிரும் போயிருக்கிறது. அதனால் வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், சனி, விசைப்படகுக்கு. மற்ற நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. பல பத்தாண்டுகளாக இந்த முறை ஓடுகிறது. மீறல்கள் உண்டு. மீறினால் கேட்க ஆளும் உண்டு. சண்டையை விலக்கப் போட்ட முறைதான், ஆனாலும் தரையில் பலகை உரசாத நான்கு நாளை அது கடலுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறது. 2017ல் வந்த தேசியக் கடல் மீன்வளக் கொள்கை சூழல்மண்டல அணுகுமுறை என்று எழுதிவைத்ததை இந்த மீனவர்கள் கிழமை வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். புதிதாக எதையாவது தொடங்குவதென்றால் இந்தக் கிழமைக் கணக்கிலிருந்து தொடங்கலாம். எந்தப் பார், எந்தத் தாழைக்காடு, எந்த மாதம், யார் போகக் கூடாது என்று அவர்களே கோடு போடலாம். அரசு அந்தக் கோட்டைக் காவல் காத்தால் போதும்.

அதோடு ஒரு சின்ன வேலையும் செய்யலாம். வாரத்துக்கு ஒரு கூடை சங்காயத்தை, ஒவ்வொரு துறைமுகத்திலும், கொட்டிப் பிரித்து எழுதி, ஏலம் நடக்கும் இடத்திலேயே பலகையில் மாட்டலாம். விளமீன் குஞ்சு இத்தனை, சினைப்படாத நண்டு இத்தனை, தாழை இவ்வளவு. ஆராய்ச்சி நிலையத்தில் மாதிரி எடுக்கிறார்கள், அறிக்கையும் வருகிறது. அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. வளர்ந்தால் கிலோ நானூறுக்குப் போகக்கூடிய மீன் இன்று சில ரூபாய்க்குத் தீவனமாகப் போகிறது என்று படகு உரிமையாளரின் கண்முன் எழுதியிருந்தால், அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

மதியத்துக்குள் ஜெட்டி கழுவப்பட்டுவிடுகிறது. கரையில் காயப்போட்ட சங்காயத்தை ஒரு பெண் துடைப்பத்தால் திருப்பிவிட்டுக்கொண்டிருக்கிறார். மேலே காக்கைகளும் ஆலாக்களும் வட்டமிடுகின்றன. சாக்கில் கட்டி லாரியில் ஏற்ற இன்னும் ஒருநாள் வெயில் வேண்டும். விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடக்கின்றன. தெற்கே ஒரு வத்தையில், சின்ன நாட்டுப்படகில், இருவர் வலையை மடித்து அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். இன்று செவ்வாய், அவர்கள் முறை.